ஜெயித்தாலும் விசாரணை உண்டு: ஏதென்ஸ் தளபதிகள் பற்றி வாசகர் கேள்விகள்

பண்டைய ஏதென்ஸில் போரை யார் நடத்தினார்கள், எப்படி நடத்தினார்கள் என்று கேட்டு வந்தவற்றில் சில இங்கே. ஆண்டுகள் எல்லாம் கி.மு.

கேள்வி: ஏதென்ஸில் எல்லாப் பதவிக்கும் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள் என்று படித்தேன். படைத்தளபதியையுமா?

பதில்: இல்லை. நகர மன்றத்தின் 500 உறுப்பினர்கள், நீதிமன்ற நடுவர்கள், சந்தை மேற்பார்வையாளர்கள் ஆகியோருக்குத்தான் சீட்டு. வேலை தெரியாதவன் கையில் கொடுத்தால் ஊரே அழியும் என்று பயந்த பதவிகளுக்கு மட்டும் தேர்தல் வைத்தார்கள். அதில் முதலாவது 'ஸ்ட்ராட்டெகோஸ்' என்னும் தளபதிப் பதவி.

501 முதல் ஆண்டுக்குப் பத்துத் தளபதிகள். குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்திருந்தார்கள். இது பிறப்பால் வந்த சாதிப் பிரிவு அல்ல; கிளைஸ்தனீஸ் என்ற சீர்திருத்தத் தலைவர் வகுத்த நிர்வாகப் பிரிவு. குலத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. வசந்த காலத்தில் மக்கள் சபை கூடி, கை தூக்கித் தேர்ந்தெடுக்கும். மற்ற பதவிகள் பலவற்றில் ஒருமுறைக்கு மேல் அமர முடியாது. தளபதிக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. பெரிக்ளீஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் தேர்வானது இந்த வழியில்தான். அவர் மன்னருமல்ல, அதிபருமல்ல. ஆண்டுதோறும் பரீட்சை எழுதித் தேறியவர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டை அவர்கள் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒருமுறை, 'தளபதிகள் ஒழுங்காக நடக்கிறார்களா?' என்று சபையில் கேள்வி வைக்கப்படும். 'இல்லை' என்று கைகள் உயர்ந்தால் பதவி போகும், வழக்கு வரும். ஆண்டு முடிவில் கணக்குத் தணிக்கை தனி.

கேள்வி: பத்துப் பேர் தலைமை என்றால் படை உருப்படுமா?

பதில்: மராத்தானில் (490) ஏறக்குறைய உருப்படாமல் போகத்தான் இருந்தது. பாரசீகரை உடனே தாக்குவதா வேண்டாமா என்பதில் ஐவர் ஒரு பக்கம், ஐவர் மறுபக்கம். அன்று 'பொலிமார்க்' என்னும் போர் அதிகாரி பதவியில் இருந்த கல்லிமாக்கஸுக்கும் ஒரு வாக்கு இருந்தது. தாக்கச் சொன்ன தளபதிகளில் ஒருவரான மில்டியாடீஸ் அவரை வசப்படுத்தினார். தாக்குதல் நடந்தது. ஏதென்ஸ் தரப்பில் இறந்தவர் 192 பேர்; கல்லிமாக்கஸ் அவர்களில் ஒருவர்.

பிறகு பத்துப் பேரும் ஒன்றாகப் போவது அபூர்வமாயிற்று. எந்தப் படையெடுப்புக்கு யார், எத்தனை கப்பல், எவ்வளவு பணம் என்று சபை தீர்மானம் போட்டு ஒருவரையோ இருவர் மூவரையோ அனுப்பும். இதில்தான் கோளாறு வரும். 415இல் சிசிலிக்கு மூவரைச் சம அதிகாரத்தோடு அனுப்பினார்கள். நிக்கியாஸ், 'பலத்தைக் காட்டிவிட்டுத் திரும்பலாம்' என்றார். அல்கிபியாடீஸ், 'முதலில் கூட்டாளிகளைச் சேர்ப்போம்' என்றார். லாமக்கஸ், 'எதிரி அசந்திருக்கும்போதே நேராகச் சிரக்கூசைத் தாக்குவோம்' என்றார். மூன்றில் லாமக்கஸின் யோசனைதான் உருப்படியானது என்பது என் கருத்து. ஆனால் முடிவு வராமல் இழுத்ததால் அவரே அல்கிபியாடீஸ் பக்கம் சாய்ந்துவிட்டார். சில வாரங்களில் அல்கிபியாடீஸை மத நிந்தனை வழக்குக்காகத் திரும்ப அழைத்தார்கள். அவரோ தப்பி ஸ்பார்ட்டாவுக்குப் போய்விட்டார். திட்டம் இருந்தது, திட்டத்துக்கு உரியவர் இல்லை.

கேள்வி: நிரந்தர ராணுவம் இல்லாமல் போருக்கு ஆள் திரட்டியது எப்படி? தளபதி எங்கே நின்று படை நடத்துவார்?

பதில்: 18 வயது முதல் 59 வரை 42 வயதுத் தொகுதிகளாகப் பட்டியல் வைத்திருந்தார்கள். எந்தெந்தத் தொகுதி புறப்பட வேண்டும் என்ற அறிவிப்பு, சந்தைத் திடலில் பத்துக் குலநாயகர் சிலைகளின் கீழே ஒட்டப்படும். மூன்று நாள் சாப்பாட்டை அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும். கவசமும் ஈட்டியும் சொந்தச் செலவு. அதனால் கவசவீரன் என்றாலே கொஞ்சம் நிலம் நீச்சு உள்ளவன் என்று பொருள். பட்டியலில் ஒருவர் பெயரை அடித்து இன்னொருவர் பெயரை எழுதும் தில்லுமுல்லு அன்றைக்கே உண்டு. நகைச்சுவை நாடகங்களில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கேடயம் வட்டமானது, குறுக்களவு சுமார் 90 சென்டிமீட்டர், எடை ஏழு கிலோ அளவில். இடக்கை முழங்கைவரை நுழைத்துப் பிடிப்பார்கள். ஆகவே கேடயத்தின் வலப்பாதி என் உடம்பை மறைக்கும். இடப்பாதி எனக்கு இடப்புறம் நிற்பவனின் வலப்பக்கத்தைக் காக்கும். இதிலிருந்துதான் ஒரு பெரிய சிக்கல் பிறக்கிறது. ஒவ்வொருவனும் தன் திறந்த வலப்பக்கத்தைப் பக்கத்துக்காரனின் கேடயத்துக்குள் ஒடுக்கப் பார்ப்பான். படை முன்னேற முன்னேற முழு வரிசையும் வலது பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். இரு தரப்புக்கும் இதே கதை என்பதால், இரு தரப்பிலும் வலது அணி எதிரியின் இடது அணியைத் தாண்டி நீண்டுவிடும்.

418இல் மாண்டினியாவில் ஸ்பார்ட்டா மன்னர் ஏஜிஸ் இதைச் சரிசெய்யப் பார்த்தார். படைகள் நெருங்கிவிட்ட கடைசி நேரத்தில் இடது அணியை விலகச் சொல்லி, அந்த இடைவெளியை நிரப்ப வலப்புறத்திலிருந்து இரு பிரிவுகளை வரச் சொன்னார். அந்தப் பிரிவுத் தலைவர்கள் நகரவில்லை. ஓட்டை அப்படியே நின்றது. எதிரி அதற்குள் புகுந்தான். மற்ற பகுதிகளின் பலத்தால் ஸ்பார்ட்டா வென்றது. அசையாத இருவரும் கோழைகள் என்று பழி சுமந்து நாடுகடத்தப்பட்டார்கள்.

தளபதி முன்வரிசையில்தான் நின்றார். முட்டி மோதத் தொடங்கியபின் அவர் குரல் யாருக்கும் கேட்காது. உத்தரவெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இறந்த ஏதென்ஸ் தளபதிகளின் வரிசையைப் பாருங்கள்: டீலியத்தில் ஹிப்போக்ரட்டீஸ் (424), ஆம்ஃபிபோலிஸில் கிளியோன் (422), மாண்டினியாவில் லாக்கீஸ் (418), சிரக்கூஸில் லாமக்கஸ் (414). பத்தாண்டுக்குள் நான்கு பேர்.

கேள்வி: ஒரு போர்க்கப்பலை ஒரு மாதம் கடலில் வைத்திருக்க என்ன செலவு? யார் கொடுத்தது?

பதில்: கணக்கு எளிது. ட்ரைரீம் என்னும் மூன்றடுக்குக் கப்பலில் 200 பேர். துடுப்பு வலிப்பவர்கள் 170: மேலடுக்கில் 62, நடுவில் 54, அடியில் 54. மீதி 30 பேரில் பத்துக் கவசவீரர், நான்கு வில்லாளிகள் போக, சுக்கான் பிடிப்பவர், தாளத்துக்குக் குழல் ஊதுபவர், தச்சர், பாய் கட்டும் ஆட்கள். தலைக்கு நாள் கூலி ஒரு டிராக்மா என்றால் 30 நாளுக்கு 6,000 டிராக்மா. அதுதான் ஒரு டாலண்ட்; சுமார் 26 கிலோ வெள்ளி. கூலி அதில் பாதியாக, மூன்று ஓபோலாக இருந்த காலமும் உண்டு. முழுக் கூலியில் 60 கப்பலை எட்டு மாதம் ஓட்டினால் 480 டாலண்ட். கூட்டாளி நகரங்களின் கப்பம் முதலியவற்றால் ஆண்டுக்கு வந்தது சுமார் 600 என்பதை வைத்துப் பார்த்தால் கடற்படை எத்தனை பசியுள்ளது என்று விளங்கும்.

கப்பல் உடலும் கூலியும் அரசுடையது. ஆண்டு முழுவதும் அதைப் பழுதுபார்த்து, நல்ல ஆள் பிடித்து ஓட்டும் பொறுப்பு ஒரு பணக்காரர் தலையில். அவர்தான் 'ட்ரைரார்க்'. அவருக்கு ஒரு டாலண்ட் வரை கைவிட்டுப் போகும். 'என்னைவிட அவர் பணக்காரர், அவரிடம் கொடுங்கள்' என்று ஒருவரைச் சுட்டிக்காட்டலாம். அவர் மறுத்தால், 'அப்படியானால் உன் சொத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், என் சொத்தை நீ எடுத்துக்கொள்' என்று சட்டப்படியே சவால் விடலாம்.

ஆளுக்கு ஒரு துடுப்பு, நீளம் நான்கு மீட்டருக்குச் சற்று மேல். கப்பலுக்கு 30 உபரித் துடுப்புகள். 429இல் பெலப்பொனீசியர் (ஸ்பார்ட்டா தரப்பினர்) ஏதென்ஸின் துறைமுகமான பைரேயஸைத் திடீரென்று தாக்கத் திட்டமிட்டபோது, ஒவ்வொருவனும் தன் துடுப்பு, உட்காரும் மெத்தைத் துண்டு, துடுப்பு கட்டும் வார் மூன்றையும் தூக்கிக்கொண்டு கொரிந்திலிருந்து மெகாராவின் கரைக்கு நடந்தான். மறுகரையில் கப்பல்கள் காத்திருந்தன. தைரியம் போதாமல் சலமிஸ் தீவைக் கொள்ளையடித்துத் திரும்பினார்கள் என்பது வேறு விஷயம்.

கப்பலின் பலவீனங்கள் மூன்று. ஒன்று, வேகத்துக்காக மெல்லிய பலகையில் கட்டியதால் நீர் ஊறும். அடிக்கடி கரையேற்றி உலர்த்தாவிட்டால் கனத்து மந்தமாகும். இரண்டு, கீழடுக்குத் துளைகள் நீர்மட்டத்துக்கு மிக அருகில். தோல் உறை போட்டு அடைத்தும் அலை உயர்ந்தால் ஆபத்து. மூன்று, 200 பேருக்குச் சமைக்கவோ படுக்கவோ உள்ளே இடமே கிடையாது. சாப்பிட, தூங்க, குடிநீர் பிடிக்கக் கரைக்கு வந்தே ஆக வேண்டும். கடைசிப் பதிலில் இது மறுபடி வரும்.

கேள்வி: சினிமாவில் சங்கிலியில் பிணைத்த அடிமைகள் துடுப்பு வலிக்கிறார்களே?

பதில்: அது பிற்காலக் கப்பல்களின் காட்சி. ஏதென்ஸில் வலித்தவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்கிய ஏழைக் குடிமக்களும் அங்கே குடியேறிய அயலாரும். சபையில் அவர்களுக்குக் குரல் வலுத்ததற்கு இந்தத் துடுப்பும் ஒரு காரணம். அடிமைகளும் வலித்ததுண்டு, 406இல் நெருக்கடியில் அவர்களைக் கப்பலேற்றி, விடுதலையும் கொடுத்தார்கள்.

கேள்வி: 'தரையில் மோத வேண்டாம், மதிலுக்குள் இருங்கள்' என்ற பெரிக்ளீஸின் திட்டம் சரியா?

பதில்: கணக்குப்படி சரி. ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கிய 431இல் கையிருப்பு 6,000 டாலண்ட் நாணயம், ஓட்டத்துக்குத் தயாராக 300 ட்ரைரீம்கள், களமிறங்க 13,000 கவசவீரர், காவலுக்கு வேறு 16,000 பேர். நகரத்தையும் துறைமுகத்தையும் நீண்ட மதில்கள் இணைத்தன. வெளியே வயல் எரிந்தாலும் கப்பலில் தானியம் வந்துகொண்டிருக்கும். ஸ்பார்ட்டா படை வந்தாலும் அதிக நாள் தங்க முடியாது. கொண்டுவந்த உணவு தீர்ந்துவிடும். மிக நீண்ட படையெடுப்பே (430) 40 நாள்தான்.

கணக்கில் வராதவை இரண்டு. கிராமங்களைக் காலி செய்து வந்த மக்கள் கோடை வெயிலில் குடிசைகளில் நெரிந்து கிடந்தபோது கொள்ளைநோய் வந்தது. சில ஆண்டுகளில் 4,400 கவசவீரர்களும் 300 குதிரைவீரர்களும் செத்தார்கள், சாமானியரை எண்ணியவரில்லை. இரண்டாவது, முற்றுகைச் செலவு. பொடிடேயா என்ற ஒரே ஊரைப் பிடிக்க 2,000 டாலண்ட் கரைந்தது. அங்கே நின்ற கவசவீரனுக்கு நாளைக்கு இரண்டு டிராக்மா: தனக்கு ஒன்று, சாமான் தூக்கும் ஆளுக்கு ஒன்று.

ஆத்திரம் தாங்காத மக்கள் 430இல் பெரிக்ளீஸுக்கு அபராதம் விதித்தார்கள். கொஞ்ச நாளில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 429இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி: ஸ்பார்ட்டாவில் இரண்டு ராஜாக்களாமே, ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளவில்லையா?

பதில்: வெட்டிக்கொள்ளவில்லை, கவிழ்த்துக்கொண்டார்கள். 506 வாக்கில் இரு மன்னர்களும் ஏதென்ஸ்மேல் படையெடுத்து எலியூசிஸ் வரை வந்தபோது டெமராட்டஸ் பாதியிலேயே விலகிப் போய்விட்டார். அதன்பின் களத்துக்கு ஒரு மன்னர்தான் என்று சட்டம். அவர் கூடவே, ஆண்டுதோறும் தேர்வாகும் 'எஃபோர்' என்னும் ஐந்து மேலதிகாரிகளில் இருவர் கண்காணிக்கப் போவார்கள். மேலே சொன்ன ஏஜிஸ், மாண்டினியாவுக்கு முன் ஒரு போரைத் தவிர்த்ததற்காக ஒரு லட்சம் டிராக்மா அபராதம், வீட்டை இடிப்பது என்பதுவரை போய், கெஞ்சித் தப்பினார். பத்து ஆலோசகர்களை அவர் தலையில் கட்டினார்கள். ராஜா என்ற பெயர்தான்.

கேள்வி: பானை ஓட்டில் பெயர் எழுதித் தலைவர்களை விரட்டினார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். மாட்டியவர் பத்தாண்டு வெளியே இருக்க வேண்டும். சொத்தில் கை வைக்க மாட்டார்கள். பாரசீகரைச் சலமிஸ் கடற்போரில் வென்ற தெமிஸ்டோக்ளீஸ் பெயர் பொறித்த சுமார் 190 ஓடுகள் அக்ரோபோலிஸ் பக்கத்துக் கிணறு ஒன்றில் கிடைத்தன. எழுத்தைப் பார்த்தால் ஒரு சிலரே உட்கார்ந்து எழுதியது தெரிகிறது. எழுதிவைத்து விநியோகிக்கும் வித்தை அன்றே இருந்திருக்கிறது. முன்பு விரட்டப்பட்டவர்களைப் பாரசீகர் வந்தபோது திரும்ப அழைத்ததும் நடந்தது: அரிஸ்டைடீஸும் சாந்திப்பஸும் 479இல் தளபதிகள்.

கேள்வி: சிசிலியில் தோல்வி உறுதி என்று தெரிந்தும் நிக்கியாஸ் ஏன் பின்வாங்கவில்லை?

பதில்: பயம். எதிரியிடம் அல்ல, ஏதென்ஸிடம். 414 குளிர்காலத்தில் அவர் சபைக்கு எழுதிய கடிதம் ஒரு நல்ல கள அறிக்கை: கப்பல்கள் நீர் ஊறிக் கிடக்கின்றன, எதிரி கண் முன்னே இருப்பதால் கரையேற்றி உலர்த்த முடியவில்லை, மாலுமிகள் ஓடுகிறார்கள், எனக்குச் சிறுநீரக நோய், வேறு ஆளை அனுப்புங்கள். சபை ஆளை மாற்றவில்லை. டெமஸ்தனீஸ் தலைமையில் இன்னொரு படையைச் சேர்த்து அனுப்பியது.

டெமஸ்தனீஸ் வந்து, இரவுத் தாக்குதல் தோற்றதும், 'போய்விடலாம்' என்றார். 'இன்று போகலாம் என்று கத்தும் இதே வீரர்கள், ஊருக்குப் போனதும் தளபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று கத்துவார்கள்' என்பது நிக்கியாஸின் பதில். அதில் பொய் இல்லை. 424இல் சிசிலியிலிருந்து திரும்பிய மூவரில் இருவரை நாடுகடத்தி ஒருவருக்கு அபராதம் போட்டிருந்தார்கள். கடைசியில் புறப்பட இசைந்த வேளையில், 413 ஆகஸ்ட் 27 அன்று, சந்திர கிரகணம். குறிசொல்பவர்கள் மும்முறை ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னார்கள், அவர் கேட்டார். அதற்குள் துறைமுக வாயை எதிரி அடைத்துவிட்டான். 7,000 பேருக்கு மேல் கல்குவாரியில் கைதியானார்கள். இரு தளபதிகளும் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: போரில் வென்ற தளபதிகளுக்கே மரண தண்டனை கொடுத்தார்களாமே?

பதில்: 406, அர்கினூசாய். முப்பதே நாளில் 110 கப்பல்களுக்கு ஆள் ஏற்றிப் போய் ஸ்பார்ட்டா கடற்படையை நொறுக்கினார்கள். ஆனால் தங்கள் பக்கம் 25 கப்பல்கள் போயின. அப்படியென்றால் 5,000 பேர் வரை தண்ணீரில். தளபதிகள், மிட்டிலீனில் இன்னும் இருந்த எதிரிமேல் பெரும் படையுடன் பாய்வது, 47 கப்பல்களைத் தெரமனீஸ், த்ராசிபுலஸ் என்ற இரு ட்ரைரார்க்குகளிடம் விட்டு மிதப்பவர்களை மீட்பது என்று முடிவு செய்தார்கள். புயல் எழுந்தது. இரண்டு வேலையும் நடக்கவில்லை.

மிதந்தவர்களை மீட்காததற்காகத் தளபதிகளை விசாரித்த முதல் சபையில் மக்கள் மனம் இளகத்தான் தொடங்கியது. ஆனால் இருட்டிவிட்டது, தூக்கிய கைகளை எண்ண முடியவில்லை, ஒத்திவைத்தார்கள். இடையில் குடும்பங்கள் கூடும் அபட்டூரியா பண்டிகை. துக்கத்தில் தலை மழித்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்து நின்றார்கள். கல்லிக்செனஸ் என்பவர் தீர்மானம் கொண்டுவந்தார்: தனித்தனி விசாரணை வேண்டாம், குலத்துக்கு இரண்டு ஜாடி வைத்து, அந்தப் போரில் இருந்த எட்டுத் தளபதிகளுக்கும் ஒரே வாக்கு. இது சட்டவிரோதம் என்று எதிர்த்தவர்களை, 'உங்களையும் சேர்த்து விசாரிப்போம்' என்று மிரட்டினார்கள். அன்று சபையை நடத்தும் குழுவில் சீட்டு விழுந்து அமர்ந்திருந்த சாக்ரட்டீஸ் மட்டும் கடைசிவரை உடன்படவில்லை. தனித்தனியாக விசாரிக்கலாம் என்ற யூரிப்டோலிமஸின் தீர்மானம் முதல் எண்ணிக்கையில் வென்றது. ஆட்சேபம் எழ, மறு எண்ணிக்கையில் தோற்றது. ஊருக்கே வராத இருவர் தவிர மற்ற ஆறு பேரையும் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் பெரிக்ளீஸின் மகன்.

பிறகு வருத்தப்பட்டார்கள். கல்லிக்செனஸ் எல்லோராலும் வெறுக்கப்பட்டு, பட்டினியில் செத்தார். முறையான நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அத்தனை பெரிய கடற்படை ஒரே நாளில் அழிந்தது எப்படி?

பதில்: சாப்பாட்டால். 405இல் ஹெலஸ்பாண்ட் நீரிணையோரம் ஈகோஸ்பொட்டாமி என்ற வெறும் மணற்கரையில் ஏதென்ஸின் 180 கப்பல்கள் நின்றன. துறைமுகம் இல்லை, சந்தை இல்லை. உணவுக்குச் செஸ்டோஸ் வரை போக வேண்டும். எதிர்க்கரையில் லாம்ப்சகஸ் நகரில் சவுகரியமாக ஸ்பார்ட்டாவின் லைசாண்டர். நான்கு நாள் ஏதென்ஸ் கப்பல்கள் காலையில் அணிவகுத்துப் போய் நின்றன. அவர் வெளியே வரவில்லை. இவர்கள் திரும்பி, கப்பலைக் கரையேற்றிவிட்டு உணவு தேடிச் சிதறுவார்கள். லைசாண்டரின் வேகக் கப்பல்கள் பின்னாலேயே வந்து, எல்லோரும் இறங்கும்வரை பார்த்துவிட்டுப் போகும். அங்கே தன் கோட்டையில் வாழ்ந்த அல்கிபியாடீஸ் வந்து, 'செஸ்டோஸுக்கு மாறுங்கள்' என்றார். 'இப்போது தளபதிகள் நாங்கள், நீ அல்ல' என்று விரட்டினார்கள். கைதேர்ந்த தளபதிகள் பலரை முந்தைய ஆண்டே கொன்றாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஏதென்ஸ்காரர்கள் கலைந்ததும், வேவுக் கப்பல்கள் நீரிணையின் நடுவில் ஒரு கேடயத்தை உயர்த்தின. லைசாண்டர் முழு வேகத்தில் வந்தார். சில கப்பல்களில் இரண்டு அடுக்குக்குத்தான் ஆள், சிலவற்றில் ஒன்றுக்கு, சிலவற்றில் யாருமே இல்லை. கோனன் என்ற தளபதி எட்டுக் கப்பல்களோடு தப்பினார். அரசுத் தூதுக் கப்பலான பராலஸும் தப்பியது. அது இரவில் பைரேயஸை அடைந்து செய்தி சொன்னதும், ஒப்பாரி துறைமுகத்தில் எழுந்து, ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, நீண்ட மதில்கள் வழியே நகரத்துக்குள் வந்தது. அன்றிரவு ஏதென்ஸில் யாரும் தூங்கவில்லை.